சேகர் நகர்த்திய புள்ளிகள்

அன்புள்ள மகனே,

இதனால் உனக்கும், உன் வழியாக உலகத்தாருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் தந்தை நேற்றுக் காலை பசுமலையில் ஒரு சலூனில், பெரியவர்கள் உட்காரும் சுழல் நாற்காலியில், கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகை போடாமலே அமர்ந்து, தன் வாழ்க்கையின் முதல் சவரத்தைச் செய்துகொண்டார். கடைக்காரர் கத்தியைத் தீட்டிவிட்டு என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். “எங்கனடா இருக்கு? காட்டு, எடுத்துருவோம்” என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நுரைக்குள்ளிருந்தே சிரிக்கப்போய் அவர் தாடையில் லேசாக வெட்டுப்பட்டது. ஆகவே இந்த வைபவத்தில் ரத்தமும் சிந்தப்பட்டது. அது என்னுடைய ரத்தம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்பதும் எனக்குத் தெரியாது; உனக்குத் தெரிந்தால் சொல்லி அனுப்பு, கொஞ்சம் முன்கூட்டியே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பதினேழு முடிந்து முதுமை தொடங்கிவிட்டது. உனக்கு இருபத்து மூன்று என்று நானே முடிவு செய்திருக்கிறேன். அப்படியானால் நீ என்னைவிட ஆறு வயது மூத்தவன், யார் யாரை வாங்க போங்க என்று கூப்பிடுவது என்பதில் ஒரு சிக்கல் வருகிறது. அப்பா என்ற பதவியை முன்னிட்டு நான் உன்னை நீ என்றே சொல்கிறேன். பதிலுக்கு நீ மனசுக்குள் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது.

பிறக்காத பிள்ளைக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. அப்பாக்கள் எல்லோரும் தங்கள் பதினேழு வயதைப் பிற்பாடு திருத்தி எழுதிவிடுகிறார்கள். என் அப்பா அந்த வயதில் பொய்யே சொன்னதில்லையாம். அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு இருமல் வந்துவிடும். நாளைக்கு நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உன் முன்னால் உத்தமனாக நிற்பேன். அதற்கு முன்னால், திருத்தாத பிரதி ஒன்றை உன்னிடம் சேர்த்துவிட வேண்டும். உனக்காக உறவுமுறையையும் மாற்றிக்கொள்கிறேன். என் அப்பா உனக்குத் தாத்தா. என் அக்கா மல்லிகா உனக்கு அத்தை. நாற்பது வயதுகூட ஆகாத என் அம்மா உனக்கு அப்பத்தா. இந்தச் செய்தி அவள் காதுக்குப் போனால் அடுப்படியிலிருந்து கரண்டி பறந்து வரும். எனக்குத் தெரிந்து ஆள் இல்லாமல் பறக்கும் பொருள் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஷெட்டுக்குப் போகும் வரைக்கும்.

மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் பருத்திக் கிடங்காக இருந்த தகரக் கொட்டகை அது. ராணுவத்துக்காக ஆள் ஏறாத விமானம் ஒன்று வரப்போகிறது, அதன் வயிற்றில் கேமரா இருக்கும், தரையில் ஒருவர் டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒரு குச்சியைப் பிடித்து அதை ஓட்டுவார், எதிரி எங்கே நடமாடுகிறான் என்று மேலிருந்து பார்த்துச் சொல்வார் என்றார்கள். விமானம் வேறெங்கோ இன்னும் தயாராகிக்கொண்டிருந்தது. அது வருவதற்குள் ஓட்டுகிறவர்களைப் பழக்க வேண்டாமா? அதற்கு ஒரு பொய்வானம் தேவைப்பட்டது. அந்தப் பொய்வானத்தைத்தான் அந்த ஷெட்டுக்குள் கட்டி வைத்திருந்தார்கள். உன் அத்தை அங்கே டைப்பிஸ்ட். பழகாத கண்களில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், அதற்குக் கல்லூரி என்.சி.சி. பையன்கள் சிலர் வேண்டும் என்று கேட்டபோது, அவள் என் பெயரையும் சேர்த்து அடித்துவிட்டாள். “வீட்ல சும்மா இருந்தா ஊரை வித்துருவான் சார்” என்று சிபாரிசு வேறு.

பொய்வானத்துக்கு மேலே ஒன்றும் கிடையாது மகனே, கீழே மட்டும்தான். ஒரு சுவர் அகலத்துக்குப் பெரிய பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, அதில் நம் சமவெளியையே செய்து ஒட்டியிருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் நாகமலை பாம்பு மாதிரி நீளமாகப் படுத்திருந்தது. பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள் வயல். கண்ணாடித் துண்டு கண்மாய். கம்பி, ரயில் பாதை. விளக்குமாற்றுக் குச்சியின் நுனியில் தென்னைகள். வாடிப்பட்டி ரோடு, வாய்க்கால் கரை, எல்லாம் அதனதன் இடத்தில். பலகைக்கு முன்னால் தண்டவாளம் போட்டு அதில் ஒரு கேமராவை ஓடவிட்டிருந்தார்கள். அடுத்த அறையில் உட்கார்ந்து நீ குச்சியைச் சாய்த்தால் கேமரா ஊரும். உன் எதிரே டி.வி.யில் கறுப்பு வெள்ளையில் நிலம் நகரும். அந்தக் கணத்தில் பலகையும் பசை நாற்றமும் மறந்துபோகும். சத்தியமாகச் சொல்கிறேன், உன் கால் தரையில் இருக்காது.

பலகைக்குப் பின்னால் சேகர் இருப்பான். பலகையின் முன்பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு இரும்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவைதான் மனிதர்கள். பின்னாலிருந்து சேகர் காந்தத்தை நகர்த்தினால் புள்ளி நடக்கும். ஆயிரம் புதர், ஆயிரம் நிழலுக்கு நடுவில் எந்தப் புள்ளி நடக்கிறது என்று நாங்கள் டி.வி.யில் கண்டுபிடிக்க வேண்டும். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான் இருக்கும். கண்டவுடன் அழுத்தினால் பச்சை விளக்கு. தப்பாக அழுத்தினால் சிவப்பு. எங்களைப் பழக்கியவர் விமானப் படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வாரண்ட் சார் என்போம். பெயர்தான் வாரண்டே தவிர, எறும்பைக்கூடக் கைது செய்ய மாட்டார். ஆனால் பொத்தான் விஷயத்தில் மட்டும் கறார். “பார்த்தியா, அழுத்து. யோசிச்சியா, அவன் மரத்தடிக்குப் போயிருவான். மூளைக்குச் சொல்லாதப்பா, விரலுக்குச் சொல்லு” என்பார்.

என் விரலுக்குச் சொல்லிச் சொல்லி நான் எல்லோரையும் முந்திவிட்டேன். உன் தந்தைக்கு அங்கே பட்டப்பெயரே கழுகு. பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று அந்தக் கழுகு ஒரு பல்லியைப் பிடித்து வந்து பலகையில் விட்டது. அடுத்த அறையில் டி.வி. முன்னால் காப்பியோடு உட்கார்ந்திருந்த அதிகாரிகள், வாடிப்பட்டி ரோட்டை ரயில் பாதையோடு சேர்த்து ஒரே எட்டில் கடக்கிற ஒரு ஜந்துவைக் கண்டார்கள். ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். நான் பணிவாக, “சார், எதிரி நாலு காலில் வருகிறான், வாலும் இருக்கிறது” என்றேன். வாரண்ட் சார் என்னை வெளியே நிறுத்தினார். நிறுத்திவிட்டு அவரும் வெளியே வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

என் வெற்றியின் ரகசியத்தை அவர்தான் கண்டுபிடித்தார். ஒருநாள் சேகருக்குக் காய்ச்சல்; வேறு ஒருவர் காந்தத்தைப் பிடித்தார். அன்று எனக்கு வரிசையாகச் சிவப்பு விளக்கு. “நீ நிலத்தைப் பார்க்கலைடா. சேகரைப் பார்க்கிறே” என்றார் வாரண்ட் சார். உண்மைதான். சேகரின் கைக்கு ஒரு நடை இருந்தது. இரண்டு புள்ளிகளை அவன் சேர்த்து நகர்த்தினால் முன் புள்ளி கொஞ்சம் போய் நிற்கும், பின் புள்ளி வந்து சேரும், பிறகு இரண்டும் சேர்ந்து நகரும். மரத்தை நெருங்கினால் ஒரு தயக்கம். அந்தத் தயக்கம்தான் எனக்குத் தெரியும். “எதிரி எல்லாம் சேகர் மாதிரி நடப்பான்னு எழுதிக் குடுத்திருக்கானா?” என்று கேட்டார். நான், “குடுத்தா நல்லாருக்கும் சார்” என்றேன். எல்லோரும் சிரித்தோம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முக்கியமாக நான்.

சேகரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் தெற்குத் தெருக்காரன். அவன் தாத்தா எங்கள் வயலில் கூலிக்கு நின்றவர். அவன் ஐ.டி.ஐ. படித்தவன்; ரேடியோவைப் பிரித்தால் திரும்பவும் மாட்டத் தெரிந்த, எனக்குத் தெரிந்த ஒரே ஆள். ஷெட்டுக்குள் என்னை மாப்ள என்பான். தார்ரோட்டில் பார்த்தால் தம்பி என்பான். எங்கள் தெருவுக்குள் வர நேர்ந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, ஒன்றும் சொல்லாமல் உருட்டிக்கொண்டு போவான். “எதுக்குண்ணே இறங்குற? செயின் கழண்டுருச்சா?” என்று ஒருமுறை தெருவில் வைத்தே கேட்டேன், வேடிக்கையாகத்தான். அவன் என்னைப் பார்த்த பார்வையில் வேடிக்கை இல்லை. “ஆமா தம்பி, ரொம்ப நாளாவே கழண்டு கெடக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான். உன் அத்தைக்கும் அவனுக்கும் என்ன என்பது எனக்கு அப்போது தெரியாது. சுவரில் நடக்கும் குண்டூசியைக் கண்டுபிடித்த கழுகுக்கு, பக்கத்து மேஜையில் டைப் அடிக்கும் அக்கா பலகையின் பின்பக்கம் போய் வருவது கண்ணில் படவில்லை.

சில மாதங்களில் எனக்கு ஒன்று நேர்ந்தது. அதைச் சொன்னால் சிரிக்காதே, இந்த இடத்தில் மட்டும் நான் விளையாடவில்லை. கண்ணை மூடினால் நிலம் நகர ஆரம்பித்தது. சத்தமே இல்லாத சாம்பல் நிற நிலம். அதில் புள்ளிகள். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் உன் அப்பத்தா கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடப்பது அம்மா நடப்பதாகத் தெரியாது. ஒரு புள்ளி நிற்கிறது, நகர்கிறது, மறைகிறது. சித்திரைத் திருவிழாவில் ஒரு லாட்ஜ் மாடியிலிருந்து கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிடும்போது என் கட்டைவிரல் மட்டும் மாடிச் சுவரை அழுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற நண்பன், “என்ன மாப்ள, மூட்டைப்பூச்சியா நசுக்குற?” என்றான். கையை இழுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அங்கேயும் அது அழுத்தியது. உன் அத்தையிடம் சொன்னேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, “மேல இருந்து பாத்தா யாருக்கும் மூஞ்சி இல்லைல்ல?” என்று கேட்டாள். என்னிடம் கேட்டாளா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

அடுத்து வந்த ஒரு திங்கட்கிழமை, அவள் எப்போதும் போலச் சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குப் போனாள். சற்று நேரத்தில் உன் அப்பத்தா எதையோ எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அக்காவின் சர்ட்டிபிகேட்டுகள் இல்லை. அப்பத்தாவின் குரலைக் கேட்டே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யாரோடு என்பது தெரிய அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆனது. தாத்தாவின் அண்ணன், என் பெரியப்பா, தன் ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். ஜீப்பின் பின்பக்கம் கம்புகள் கிடந்தன. வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஆள், ரயிலடிக்கு ஒரு ஆள் என்று அனுப்பினார். “குடும்ப மானம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அந்த நேரத்திலும் புத்தி போகிற போக்கைப் பார்: விமானத்தில் பாதி மானம்தான், இரண்டிலும் உள்ளே ஆள் கிடையாது, யாரோ எங்கோ உட்கார்ந்து ஓட்டுகிறார்கள் என்று தோன்றியது. வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்கிற மாதிரி இல்லை அங்கே முகங்கள். அதற்கு முந்தின வருஷம் கிழக்கே ஒரு ஊரில் இப்படிப் போன பெண்ணைத் திரும்ப அழைத்து வந்தார்கள். பிறகு அவள் கிணற்றில் கிடந்தாள். தவறி விழுந்துவிட்டாள் என்று எல்லோரும் ஒரே மாதிரி, ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள். பிடிபட்டால் உன் அத்தைக்கு என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். உன் தாத்தாவுக்கும் தெரியும். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

ஷெட்டில் தேடப் போனவர்களை வாரண்ட் சார் கதவிலேயே மறித்துவிட்டார். ராணுவ இடம், எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டாராம். அதனால் பெரியப்பா ஷெட்டுக்கு எதிரே இருக்கும் முக்கில் ஜீப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“டேய், நீதான அங்க பெரிய கண்ணு? எம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் ஆளைக் கண்டுபிடிச்சுருவியாம்ல?”

“அது டி.வி.யில பெரியப்பா.”

“இது அதைவிடப் பெருசாத் தெரியும். நடந்துதான் போயிருக்கணும், எங்கயாச்சும் கரையோரமா இருப்பாங்க. ஏறு மலைல. பாண்டி, கூடப் போடா. இவன் காட்டுற பக்கமா துண்டை ஆட்டு, ஜீப்பு போயிரும்.”

பாண்டி பெரியப்பா மகன். ஷெட்டில் அதிக மார்க்குக்குப் பரிசாக ஒரு பழைய பைனாகுலர் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாகமலையில் ஏறினேன். பாறை சுட்டது. மேலே நின்று கீழே பார்த்தேன். பலகை. அப்படியே அந்தப் பலகை. கண்மாய், கம்பி மாதிரி ரயில் பாதை, வாய்க்கால் கரை. காற்று மட்டும்தான் கூடுதல். பைனாகுலருக்குள் கண்ணை வைத்ததும் காற்றும் போய்விட்டது.

“ஏதாச்சும் தெரியுதா?” என்றான் பாண்டி.

“பொறு.”

“பெரிய இவன் மாதிரி பொறுங்குற. கிடைச்சா என்ன பண்ணுவாங்க தெரியும்ல?”

அதை அவன் மிரட்டலாகச் சொல்லவில்லை, மகனே. அவனுக்கும் அவள் அக்காதான். சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோறு பிசைந்து ஊட்டியவள். அவன் துண்டைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தான். அடுத்து நடந்ததை உன் அத்தை சொல்லும் விதத்தில் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அவள் நன்றாகச் சொல்வாள். கிழக்கே வாய்க்கால் கரையில் ஒரு குடைக்குக் கீழே இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். உன் தந்தை கையை நீட்டி, “அதோ!” என்று கத்தினார். பாண்டி துண்டை ஆட்டினான். முக்கில் நின்ற ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு கிழக்கே பறந்தது. உன் அத்தையும் சேகரும் அந்நேரம் எங்கே இருந்தார்கள் தெரியுமா? ஷெட்டுக்குள்ளேயே, பலகைக்குப் பின்னால், சேகர் காந்தம் நகர்த்தும் அந்த ஒடுக்கமான இடத்தில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஜீப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்த வாரண்ட் சார் வந்து பலகையில் தட்டினாராம். தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரியை நிறுத்தி இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார். எங்கேயும் இறங்காமல் திண்டுக்கல். அங்கிருந்து கோயம்புத்தூர். இன்றைக்கு அங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் சேகருக்கு வேலை. அத்தை மாசமாக இருக்கிறாள்.

போன மாதம் யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் அந்த லைன் வீடுகளில் இருக்கிற அத்தனை பேரையும் கூட்டி வைத்து என்னைக் காட்டினாள். “இவன்தான். மலை மேல நின்னு, எங்கப்பாரு அண்ணன் ஜீப்பையே வேற பக்கம் திருப்பிவிட்டவன். இம்புட்டுத்தான் இருக்கான், எப்படிடா உனக்கு அம்புட்டுத் தைரியம் வந்துச்சு?” என்று என் தலையைக் கலைத்தாள். ஒரு பாட்டியம்மா எனக்குத் திருஷ்டி கழித்தார். நான் இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, “என்னத்தக்கா பெருசா” என்றேன். மகனே, அந்த இரண்டு வார்த்தை அடக்கம் இருக்கிறதே, அதை நடித்துக் காட்ட மேடையில் ஆள் கிடையாது. சேகர் மட்டும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை வந்தான். ஊர்ப் பேச்சு, பஸ் பேச்சு எல்லாம் பேசிவிட்டு, “கரைல போனவங்களுக்கு என்ன ஆச்சு மாப்ள?” என்று கேட்டான். “தெரியலையே மச்சான்” என்றேன். பஸ் வந்துவிட்டது.

தெரியும். பைனாகுலரை நான் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. ஜீப் கரையில் ஏறியதும் குடை திரும்பியது. இரண்டு பேரும் ஓட ஆரம்பித்தார்கள். கம்போடு ஆட்கள் குதித்து வந்தால் யாராக இருந்தாலும் ஓடத்தானே செய்வார்கள். ஒருவர் தடுக்கி விழுந்தார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு அடி விழுந்துவிட்டது. எனக்கு அது டி.வி. மாதிரிதான் இருந்தது: கம்பு உயர்ந்தது, இறங்கியது, சத்தமே வரவில்லை. இன்னொருவர் குடையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகுதான் பெரியப்பா இறங்கிக் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். அவர்கள் யாரோ வயதானவர்கள், கணவனும் மனைவியும். கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பெரியவரைச் சில வாரங்கள் கழித்துப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். தோளிலிருந்து துணித் தொட்டில் கட்டிக் கையை அதில் போட்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. “தம்பி, செக்கானூரணி பஸ் போயிருச்சா?” என்று கேட்டார். “இல்ல தாத்தா, இனிமேத்தான்” என்றேன். பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நடக்கும்போது அந்தம்மாவுக்குக் கால் வலிக்குமாம். பெரியவர் நாலு எட்டு முன்னால் போய் நிற்பாராம், அந்தம்மா வந்து சேர்வாராம், பிறகு சேர்ந்து நடப்பார்களாம். நான் கேட்கவில்லை, அவர்களே சொன்னார்கள். மரத்தைக் கண்டால் நிழலுக்கு ஒதுங்குவதா வேண்டாமா என்று ஒரு தயக்கம். இதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போதெல்லாம் ஷெட்டுக்குப் போவதில்லை. பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் கரை நகர்கிறது. குடை திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் குடைக்கு அடியில் யார் என்று பார்க்க முயல்கிறேன், மேலிருந்து முகம் தெரிவதே இல்லை. அப்பா என்ற முறையில் நான் உனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். எதிலாவது நீ ரொம்பக் கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொன்னால், எந்த வேலையில் என்று கேட்டுக்கொள். தூரத்தில் ஒருவரைக் கண்டால், கூப்பிடு தூரத்துக்குப் போய் அவர் குரலைக் கேட்ட பிறகு அவரைப் பற்றிப் பேசு. விரலுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், எங்கள் வாரண்ட் சார் போலத் தங்கமானவராகவே இருந்தாலும், விரல் அவர்களோடு நின்றுவிடாது. அது உன் கூடவே வீட்டுக்கு வரும், மலைக்கும் வரும்.

இனி, உன் அத்தை சொல்லாத விதத்தில் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. இதற்காகத்தான் இவ்வளவு காகிதம் வீணடித்தேன், நடுவில் பல்லியை எல்லாம் இழுத்தேன். பாண்டி ஏதாச்சும் தெரியுதா என்று கேட்ட நேரம், ஜீப்பை எப்படித் திசை திருப்பலாம் என்று நான் யோசிக்கவில்லை. அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்றுகூட யோசிக்கவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தேன், மகனே. மும்முரமாக, ஆசையாக, மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். கரையில் ஒரு புள்ளி போய் நின்றது, இன்னொன்று வந்து சேர்ந்தது, இரண்டும் சேர்ந்து நகர்ந்தன, மரத்தடியில் தயங்கின. சேகரேதான், அக்காவேதான் என்று ஒரு துளி சந்தேகம்கூட இல்லாமல் எனக்குத் தெரிந்தது. அதோ என்று கத்தியது அவர்களைக் காட்டிக்கொடுக்கத்தான். கத்திய அந்த நொடியில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்த மாதிரி. குடைக்கு அடியில் இருந்தது அவர்கள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் அந்தச் சுடுபாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதையும் பாண்டி பயம் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தான். தைரியம், தந்திரம், கழுகு எல்லாம் உன் அத்தை எனக்குப் போட்ட மாலை. நான் அதைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்கு வாரேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவளிடம் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். போன முறையும் அப்படித்தான் இருந்தேன், இட்லி வந்துவிட்டது. நீ இதைப் படிக்கிற நாளில் அத்தையிடம் போய், அப்பா மலை மேல் நின்ற கதையைக் கேட்டுப் பார். அவள் இன்னும் கண் நிறைய அந்தப் பழைய கதையையே சொன்னாள் என்றால், உன் அப்பா இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்துகொள். அப்போது நீயாகச் சொல்லிவிடாதே. என்னிடம் வந்து, வாங்க போங்க எல்லாம் வேண்டாம், “சொல்லித் தொலைடா” என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா (வருங்காலம்)